காணிக்கையாக ஒரு ஆள்

மிஷனரி வேலையில் பாதிதான் அந்நிய தேசத்தில் நடக்கிறது; மீதிப் பாதி, ஊருக்குத் திரும்பி வந்து, ஏதோ ஒரு சபையின் முன்வரிசையில் உட்கார்ந்து, அறிவிப்புகள் எப்போது முடியும் என்று காத்திருப்பதில் நடக்கிறது. பென்டிரைவும் கையுமாகச் சபை சபையாக ஏறி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. போட்டோக்களைக் காட்டலாம் என்று எழுந்த நேரத்தில் புரொஜெக்டர் உயிரை விடும் வேதனை உங்களுக்கும் தெரிந்ததுதான்.

நானும் என் மனைவி எஸ்தரும் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், காது கேளாத பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறோம். பாடம் சொல்வது அவள்; கூரை ஒழுகுவதிலிருந்து குழாய் அடைப்பு வரை மற்றதெல்லாம் நான். போன மழைக்காலத்தில் அவள் மலேரியாவில் படுத்தபோது வகுப்பறை பூட்டியே கிடந்தது. அதனால் இந்த முறை விடுப்பில் மதுரைக்கு வந்ததும், எங்களை அனுப்புகிற குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கூட இன்னொரு டீச்சர் வந்தால் திரும்பிப் போகலாம். இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு நீங்களும் இங்கேயே இருந்துகொள்ளுங்கள்.

அங்கே பள்ளி திறப்பதற்குள் ஆள் கிடைக்க வேண்டும். ஞாயிறுதோறும் சிசோமோ என்ற எங்கள் மாணவி யாருடைய போனிலிருந்தாவது ஒரு வீடியோ அனுப்பிவிடுவாள். முன்பல் விழுந்த வாய், இரண்டு கைகள், சைகையில் ஒரே கேள்வி. எப்போது வருவீர்கள்?

பணம் கேட்டால் நம் சபைகள் இல்லை என்று சொல்வதில்லை. ஆள் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பஞ்சமில்லாத சபை

நகரத்துக்குள் உயரமான கோபுரம் வைத்த பழைய சபை அது. அங்கே ஆராதனை எட்டரைக்கு என்றால் எட்டரைக்குத்தான். சபைச் செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல் நாளே போனில் கூப்பிட்டு, எனக்குப் பத்து நிமிடம்தான், அதில் சிரிப்புக் கதைகளுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார். ஒரு திருமண அறிவிப்பு, பாடகர் குழுவுக்கு ஒரு நன்றி, வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் கார் யாருடையது என்ற விசாரணை, அதற்குப் பிறகு நான். அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எங்களுக்கு வேண்டியது டீச்சர் வேலை பார்க்க ஒரு ஆள் என்று சொல்லி, நேரத்துக்குள் இறங்கிவிட்டேன். வாசலில் எல்லாரும் கை கொடுத்தார்கள். எல்லாருக்கும் பொருத்தமான ஒருவரைத் தெரிந்திருந்தது. அந்த ஒருவர் எப்போதும் அடுத்த வீட்டுக்காரரின் பிள்ளையாக இருந்தார். கடைசியாக வந்த செயலர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, எங்க சபையில வெளிநாடு போற பிள்ளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. என்ன, எல்லாரும் ஏற்கெனவே கனடா போயிட்டாங்க.”

தூக்கின கைகள்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. கீழே பஸ் ஹார்ன், மேலே டிரம்ஸ். இரண்டில் எது ஜெயிக்கும் என்று கடைசிவரை தெரியாது. செருப்பைப் படியில் விட்டுவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காட்டோடு ஒரு பக்கம், தரையில் உட்கார வேண்டும். அங்கே நேரக் கட்டுப்பாடு இல்லை. பாஸ்டர் என்னிடம் மைக்கைக் கொடுத்து, ஆவியானவர் நிறுத்தச் சொல்லும்வரை பேசுங்கள் பிரதர் என்றார். நகரத்துச் செயலரை நினைத்துக்கொண்டேன்.

பேசி முடித்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் அறை முழுக்கக் கைகள் எழுந்தன. பெயர் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எஸ்தரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தச் சபையில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் கைகள் அப்படித்தான் மேலே இருக்கும். பாஸ்டர் நல்ல மனிதர். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, படியில் செருப்புத் தேடும்போது பக்கத்தில் வந்து நின்றார். “பிரதர், இப்ப தூக்குனதெல்லாம் ஜெபத்துக்குத் தூக்குன கை. போறதுக்குத் தூக்குற கை இருக்கே, அது கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கும்.”

சட்டைப் பையில் இருந்தது

இது அதே ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெந்தெகொஸ்தே சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. விருந்தாளியாகப் போகிற நாமும் அவர்கள் மனம் கோணாமல் நடக்க வேண்டும் என்று, ஆட்டோவிலேயே எஸ்தர் தாலிச் செயினையும் வளையலையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டிருந்தாள். இரண்டு வகைச் சபைக்கும் போய்வருகிறவர்களின் வீட்டில் இது வழக்கம்தான். திரும்ப மாட்டிக்கொள்வதுதான் வழக்கத்தின் மறுபாதி. அதை இருவருமே மறந்துவிட்டோம்.

சாயங்காலம் நகரத்துச் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எஸ்தர் பேசினாள். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் டீச்சர்கள், ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள். மலாவிப் பிள்ளைகளைப் பற்றி அவள் உருகிச் சொல்லச் சொல்ல, அவர்கள் பார்வை அவள் கழுத்திலேயே நின்றது. பிறகு கடைசி வரிசையில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்த என்மேல் திரும்பியது. கூட்டம் முடிவதற்குள், எப்போதோ நின்றுபோயிருந்த கைப்பிடி அரிசிக் காணிக்கையை மறுபடி ஆரம்பிப்பது என்று முடிவாகிவிட்டது. தினமும் உலை வைக்கும்போது மிஷன் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் அது. ஆள் மட்டும் யாரும் வரவில்லை. தலைவியம்மா எஸ்தரைத் தனியே கூட்டிப்போய்க் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது: “ஏம்மா, தாலியை விக்கிற அளவுக்கா போச்சு? மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பாத்துக்கிட்டிருப்போம்ல.”

ஒரே சேவலுக்கு இரண்டு ஏலம்

எழுமலைப் பக்கத்தில் ஒரு கிராமச் சபையில், விளைந்ததில் ஒரு பங்கைப் படைக்கும் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, நிலக்கடலை மூட்டை, முட்டை என்று பீடத்துக்குக் கீழே சந்தையே கூடியிருந்தது. ஆராதனை முடிந்ததும் ஏலம். அக்கம்பக்கத்து இந்து விவசாயிகளும் தவறாமல் வருவார்கள். கொண்டுவந்து படைப்பார்கள், ஏலமும் கேட்பார்கள். ஒரு சேவலுக்குப் போட்டி பலமாகிவிட்டது. ஆண்கள் பக்கம் ஒரு குரல் ஏற்றினால் பெண்கள் பக்கம் ஒரு குரல் அதற்கும் மேலே ஏற்றியது. ஏலம் விட்ட, அந்தச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வாயெல்லாம் பல்லாக இருந்தார். யார்தான் இப்படி விடாமல் கேட்பது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தால், புருசனும் பொஞ்சாதியும். அதைவிட, சேவலே அவர்கள் கொடுத்த சேவல்தான். கொடுத்த பிறகு பிரிய மனமில்லாமல், ஆளுக்கொரு பக்கம் ரகசியமாக மீட்கப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சேவலை அவர்கள் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். உசிலம்பட்டி பஸ்ஸில் அது எஸ்தர் மடியில் மகாராஜா மாதிரி வந்தது வேறு கதை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாயாண்டி அண்ணன், சபையைச் சேர்ந்தவரில்லை, பூசணி கொடுக்க வந்தவர், மலாவியில் என்ன சாப்பாடு என்று விசாரித்தார். மக்காச்சோள மாவைக் கிண்டிக் களி, தொட்டுக்கொள்ள ஏரி மீன் என்றேன். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “களியும் மீனும் போடுற ஊருக்கா ஆள் கிடைக்கலங்கிறீக? எனக்கு மட்டும் எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா நாளைக்கே வாரேன் அண்ணே. வீட்டுல மட்டும் நீங்க பேசணும்.”

ஃபாதர் கேட்டது

கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றில் பூசைக்குப் பின் இளைஞர் கூட்டத்தில் பேச ஃபாதர் அழைத்திருந்தார். பழக்க தோஷத்தில், எங்கள் பக்கத்துச் சபைகளில் வாழ்த்துகிற மாதிரி ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் வணக்கத்துக்குத் தயாராக இருந்தார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, அதுவரை ஏறி இறங்கிய சபைகளையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. அந்த வாரம் சிசோமோ அனுப்பிய வீடியோவை எஸ்தர் என்னிடம் காட்டவே இல்லை. நானாகத்தான் எடுத்துப் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல அவள் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆனையூரில் ஒரு பள்ளி வகுப்பறையில் ஞாயிறு மதியம் காது கேளாதோர் ஐக்கியம் ஒன்று கூடுகிறது, எல்லாச் சபை ஆட்களும் வருவார்கள், தனக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரீ வாராவாரம் அங்கே போய்ச் சைகையை மொழிபெயர்த்துச் சொல்கிறார் என்றார். நாங்கள் ஊரில் இல்லாத வருடங்களில் தொடங்கியதாம். அதன் பிறகு அவர் கேட்டார்: “காது கேக்காத பிள்ளைங்களுக்கு டீச்சர் தேடுறீங்க. அதை ஏன் சார் காது கேக்குறவங்ககிட்டயே கேட்டுக்கிட்டுத் திரியுறீங்க?”

ஜன்னல் ஓரம்

ஆனையூரில் நான் செய்த முதல் தப்பு, பேச எழுந்து ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றது. பின்னாலிருந்து வெயில் அடித்தால் முகமும் கையும் இருட்டாகிவிடும், சைகை தெரியாது என்பது இத்தனை வருடப் பள்ளி அனுபவத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாரும் கையை ஆட்டினார்கள். வரவேற்கிறார்கள் என்று நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். இன்னும் வேகமாக ஆட்டினார்கள். கடைசியில் தடியாக ஒருவர் எழுந்து வந்து என்னைப் பீரோவை நகர்த்துவதுபோல இரண்டு தோளையும் பிடித்துச் சுவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குமேல் எஸ்தரே பேசினாள். மலாவிச் சைகை வேறு, நம்மூர்ச் சைகை வேறு; இரண்டும் கலந்து வந்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். அக்கா கையில் வெளிநாட்டு வாடை அடிக்கிறதாம் என்று மொழிபெயர்க்க வந்திருந்த சிஸ்டர் எனக்குச் சொன்னார். பிறகு சிசோமோவின் வீடியோவைப் போட்டோம். யாரும் சிரிக்கவில்லை. மற்ற சபைகளில் அந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியிருந்தது. இங்கே அந்த முகமும் கையும் போதுமாக இருந்தது.

யார் வருகிறீர்கள் என்று எஸ்தர் கேட்டாள். ஒரு கையும் எழவில்லை. நான் வழக்கம்போல பென்டிரைவைக் கழற்றப் போனேன். மூன்றாவது பெஞ்சில், காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கும் பியூலா என்ற பெண், முதலில் முழங்கையை மேசையில் ஊன்றினாள். பிறகு கையைத் தூக்கினாள். பெந்தெகொஸ்தே பாஸ்டர் சொன்னது சரிதான், மெதுவாகத்தான் எழுந்தது. எழுந்த பிறகு அவளுடைய இரண்டு கைகளும் படபடவென்று பேச ஆரம்பித்தன, சிஸ்டர் மூச்சு வாங்கச் சொன்னார்: “வாரேன்ங்கிறா. பாடம் நடத்துறது கஷ்டமில்லையாம். அம்மாகிட்ட யாரு பேசப் போறீங்கன்னு கேக்குறா.”

அம்மாவிடம் பேசியது

பியூலாவின் அம்மா ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். வீட்டுக்காரர் இல்லை; வீட்டில் இவர்கள் இருவர்தான். அன்பாக உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, முடியாது என்றார். பேங்கில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கடையில் இவளுக்கு வாய் நான்தான், அம்புட்டுத் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சபைகளில் பேசிப் பேசி நான் சேர்த்து வைத்திருந்த வசனம், உதாரணம் எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் எழுந்து நிற்கவில்லை. காபியைக் குடித்தேன்.

எஸ்தர் போனை எடுத்தாள். மலாவிக்கு வீடியோ கால் போட்டு, போனைப் பியூலா கையில் கொடுத்தாள். சிசோமோ இருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள் முண்டியடித்தன. இரண்டு நாட்டுச் சைகைகளும் முதலில் முட்டிக்கொண்டன. இவள் ஒன்று காட்ட, அவர்கள் வேறொன்று காட்ட, யாருடையது சரி என்று சண்டை வந்தது, சிரிப்பு வந்தது. பியூலா போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள். எஸ்தரின் காபி ஆறும்வரை, எங்கள் மூவரில் ஒருவரைக்கூட அவள் உதவிக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தத் தெருவுல இவகூடப் பேச நான் ஒருத்திதான் சார். அங்க ஒரு வகுப்பே உக்காந்திருக்கு. போயிட்டு வரட்டும். ஆனா இனிமே ஞாயித்துக்கிழமை வீடியோ இங்கருந்தும் வரும், எப்போ வருவேன்னு கேட்டு.”

சபை சபையாக ஏறி, மைக் பிடித்து, தொண்டை வறளக் கேட்டும் கிடைக்காத ஆளை, கடைசியில் என் பேச்சு ஒரு சொல்லும் காதில் விழாத சபைதான் எனக்குக் கொடுத்தது.