பயிற்சியாளருக்கு ஒரு பெட்டி ரோல்ஸ்

சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு, எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட ஒருவர்தான் தேவை. கடைசியில் நானும் ஒரு சுவிஸ்காரனும் மிஞ்சினோம்.

காரியம் ஆகவேண்டிய இடத்துக்கு அப்பா வெறுங்கையோடு போகமாட்டார். தேர்வன்று மைதானத்துக்கே வந்து, அம்மா இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸைப் பயிற்சியாளரின் கையில் திணித்தார். மகனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி, தெரிந்த ஜெர்மனில் சத்தமாகவே கேட்டார். பயிற்சியாளர் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். என் போட்டியாளன் இரண்டு எடுத்துக்கொண்டு, "என் அம்மாவையும் கேக் சுடச் சொல்லியிருக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலைக்கவசத்தைக் கழற்றவேயில்லை.

பிறகு நடந்த ஓட்டத்தில் அவனைவிட நான்தான் நன்றாக ஓடினேன். இடமும் எனக்கே கிடைத்தது. ஆனால் அது ஓடிக் கிடைத்தது என்று இனி யார் நம்புவார்கள்?

அப்பாவே நம்பவில்லை. "பாத்தியோ, ரோல்ஸ் வீண்போகேல்லை" என்றார்.