என் மாமியாரும் நானும் பைப்பு கழற்றிய காலை

புக்கிட் காத்தில் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் குளியலறையில் பைப்பு சொட்டத் தொடங்கியபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே ஒரு வாளியை வைத்தோம். வாளி நிறைந்ததும் அத்தை அதைத் தூக்கிப்போய் வாசலில் இருந்த மல்லிகைக்கு ஊற்றினார். மல்லிகையின் வேர் அழுகத் தொடங்கிய பிறகுதான் பைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

என் கணவருக்கு செங் என்ற இடத்தில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மதியம்வரை எழமாட்டார். கேட்டால், "அடுத்த ஆஃப் டே பாக்கிறேன்லா" என்பார். ஆஃப் டே வரும். தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை, எனக்கு ஆபீஸ் லீவு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தையிடம், "நம்மளே கழட்டிப் பாக்கலாமா அத்தை?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஸ்பேனர் அவன் மோட்டார் சீட்டுக்கு அடியில இருக்கு. சத்தம் போடாம எடுத்துட்டு வா."

எனக்கு முன்பே அவர் இதை யோசித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. நெருக்கமும் கிடையாது. குழம்புக்குப் புளி போதுமா என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போனதில்லை. இப்போது இரண்டு பேரும் அவருடைய மகன் படுத்திருந்த அறையைக் கால் நுனியில் கடந்துகொண்டிருந்தோம்.

முதலில் தண்ணீரை மூட வேண்டும் என்று கைப்பேசி வீடியோவில் ஒருவர் சொன்னார். எங்கள் வரிசை வீடுகளில் எங்கள் தண்ணீர் மீட்டரும் அடுத்த வீட்டு மீட்டரும் நடுவேலியோரம் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்றை மூடினேன். உள்ளிருந்து அத்தை, "இன்னும் வருதும்மா" என்றார். அப்படியானால் நம்முடையது மற்றதுதான் என்று அதையும் மூடினேன்.

"இன்னும் வருது."

அடுத்த வீட்டில் ஒரு மலாய்க்காரர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், கார் கழுவிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேல் அவர் தலை தெரிந்தது. கையில் இருந்த ரப்பர் குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. கார் முழுக்க சோப்பு நுரை. வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தது.

"ஆயிர் தக் அடாகா?" என்று என்னைக் கேட்டார். தண்ணீர் இல்லையா என்று.

என் கை அவருடைய மீட்டரின் மேலேயே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இரண்டையும் திறந்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மேலே கூரையைக் காட்டினார். குளியலறைக்குத் தண்ணீர் வருவது கூரைத் தொட்டியிலிருந்து. மீட்டரை மூடினால் அது நிற்காது. குளியலறைக்குள்ளேயே உயரத்தில் ஒரு வால்வு இருக்கும், அதைத் தேடுங்கள் என்றார்.

உள்ளே போய்த் தேடினோம். அத்தையின் துண்டைத் தவிர உயரத்தில் எதுவும் தெரியவில்லை. துண்டை எடுத்தேன். பின்னால் வால்வு இருந்தது.

அத்தை அதை மேலும் கீழும் பார்த்தார். "இது துண்டு மாட்டுறதுக்கு வச்சதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அதன் பிறகு வேலை ஓடியது. வால்வை மூடினேன். நான் ஸ்பேனரைப் பிடிக்க, அத்தை என் கைமேல் கை வைத்து அழுத்தினார். பைப்பின் தலை கழன்று வந்தது. அதன் அடியில் இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். அத்தை கோயிலுக்குக் கொண்டுபோகும் கைப்பையோடு வந்தார். கடைக்காரர் தட்டில் கொட்டிய வாஷர்களை அத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, மொச்சை பொறுக்குவதுபோல ஒன்றைப் பொறுக்கினார். திரும்பி வந்து பொருத்தினோம், வால்வைத் திறந்தோம், பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். சொட்டவில்லை. அத்தை என் தோளில் ஓர் அடி போட்டார். நல்ல வலி.

மதியம் என் கணவர் எழுந்து குளித்துவிட்டு வந்தார். "பைப்பு சொட்டலையே, பாத்தீங்களா? சும்மா விட்டாலே சரியாயிடுது."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அத்தை என் காலை மிதித்தார். என் கணவர் அப்பால் போனதும் அத்தை, "சொன்னேன்னு வை, இனி வீட்டுல எது ஒடஞ்சாலும் நம்ம தலையில கட்டிருவான்" என்றார் மெதுவாக.

ரகசியம் அன்று மாலைவரைதான் தாங்கியது. வேலியோரம் பாக்சிக் என் கணவரைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பாக்சிக் சிரிப்பது மட்டும் கேட்டது. என் கணவர் உள்ளே வந்தார். நேராகக் குளியலறைக்குப் போனார். பைப்பைத் திறப்பதும் மூடுவதும், மறுபடி திறப்பதும் மூடுவதுமாகச் சத்தம் வந்தது. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினோம்.

அவர் வெளியே வந்து அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவருக்கும் தே தாரே என்னும் பால் டீ கலந்து கொண்டுவந்து வைத்தார். வாயில் வைக்க முடியாத இனிப்பு. அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்து முடித்தோம்.