கழுநீர் யாருக்கு

இன்னைக்குத் திருச்சுழிக்குப் போயிட்டு வந்த கையோட இதை எழுதுறேன்.

போன வாரம் எங்க பருத்திக்காட்டு ஓரத்துல எஞ்சினுக்கு ஊத்துற குரூடாயில் ஏத்தி வந்த லாரி கவுந்துருச்சு. பீப்பாய் உடைஞ்சு எண்ணெய் பூராவும் காட்டுக்குள்ள எறங்கிருச்சு. எங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு காடுதான். அன்னையிலருந்து எங்க வீட்டுக்காரக சரியாச் சாப்பிடல.

இன்னைக்குக் காலையில அந்த மண்ணுல கொஞ்சம் துணியில முடிச்சாக் கட்டிக்கிட்டுக் கெளம்பினேன். உலகச் சண்டையால பெட்ரோல் கெடைக்காம, கரி போட்டு ஓட்டுற பஸ்ஸு, ஊர்ந்துதான் போச்சு. உச்சிப்பொழுதுலதான் விவசாய ஆபீசரைப் பாக்க முடிஞ்சது.

அவுக மண்ணை மோந்து பாத்தாக.

"கண்ணுக்குத் தெரியாத கிருமி மண்ணுலயே இருக்கும்மா. எண்ணெயை அதுவே கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுரும். சாணியும் குப்பையும் போட்டுக் கிளறிவிடுங்க. ஆனா மண்ணு காயக்கூடாது. காஞ்சா கிருமி வேலை செய்யாது."

"ஐயா, குடிதண்ணிக்கே ஓடையில ஊத்துத் தோண்டிக் காத்துக் கெடக்கோம்"னேன்.

அவுக, "அப்ப மழை வரணும்"னு சொல்லி முடிச்சைத் திருப்பிக் கொடுத்தாக.

வீட்டுல வந்து சொன்னேன். வீட்டுக்காரக இருந்த சாணியைக் கூடையில அள்ளிக்கிட்டுக் காட்டுக்குப் போனாக. அரிசி கழுவி மாட்டுக்கு வச்சிருந்த கழுநீரைத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாலயே போனேன். ஊத்துனதுல ஒரு முழ மண்ணுதான் நனைஞ்சுச்சு.

திரும்பி வந்தா, மாடு காலித் தொட்டியை நக்கிக்கிட்டு நிக்கிது.

நாளைக்கும் ஒரு சட்டி கழுநீர்தான் மிஞ்சும். மாட்டுக்கு வைக்கவா, கிருமிக்கு ஊத்தவா? நீங்களா இருந்தா என்ன செய்வீகன்னு எழுதுங்க.