கிரிவலப் பாதைக்குத் தண்ணீர் அடித்தபோது

எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எங்கள் டிரைவர் ஏழுமலை அண்ணன் விடாமல் சொன்னதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் லாரியின் பின்னால் நின்று ஹோஸ் பிடிப்பது என் வேலை. மலையைச் சுற்றிச் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கால் சுடக் கூடாது என்று தார் ரோட்டை நனைத்துக்கொண்டே போவோம். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்குப் பிடித்த வேலை. நான் சேர்ந்த புதிதில் சித்திரையில்தான் கூப்பிடுவார்கள். இப்போது மாசியிலேயே கூப்பிடுகிறார்கள். நனைத்த ரோடு, லாரி அடுத்த வளைவு திரும்புவதற்குள் வெளுத்துவிடுகிறது. ராத்திரியில் வீட்டுச் சுவரும் ஆறுவதில்லை.

மத்தியானத்தில் ரோட்டிலிருந்து ஆவி எழும்பும். அதன் வழியாகப் பார்த்தால் மலையின் அடிவாரம் தெரியாது. மேல்பாதி மட்டும் தண்ணீரில் நிற்பதுபோல மெல்ல அசையும். நடப்பவர்கள் காலே இல்லாமல் மிதந்து வருவார்கள். சத்தமெல்லாம் எங்கோ தூரமாகிவிடும். நான் நிற்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம், அந்த ஆவிக்குள்ளிருந்து மஞ்சள் புடவை கட்டிய அம்மா ஒருவர் வந்தார். ஏழுமலை அண்ணன் லாரியை நிறுத்தினார்.

"ஏம்மா, இந்த வெயில்லயா சுத்துவாங்க? ராத்திரி வர்றதுதானே?"

"வேண்டுதல் நைனா. பையன் மெட்ராஸ்ல சென்ட்ரிங் வேலை. வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். பொழைப்பானான்னே தெரியல. எழுந்து நடந்தான்னா, பச்சத்தண்ணி பல்லுல படாம சுத்தறேன்னு வேண்டிக்கினேன். நடந்துட்டான்."

"வெயில்லருந்து பையன காப்பாத்துனதுக்கு நீ வெயில்லயே நடக்கிறியா? சாமியே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ லாரிய ஓட்டு."

நாங்கள் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். செங்கம் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி, ஒரு புங்க மரத்தடியில் அவர் சாய்ந்து கிடந்தார். கையைத் தொட்டேன். நெருப்பாகச் சுட்டது. ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அண்ணன் 108-க்கு போன் செய்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை.

"குடிக்க வேணாம்மா. குளிக்கலாம் இல்ல? ஈரத்துணியோட எத்தன பேர் சுத்தறாங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவசரமாக ஹோஸைத் திருப்பினேன்.

"யோவ், அவங்கள வேக வைக்கப் போறியா? மொதல்ல கீழ விடு!" என்று அண்ணன் கத்தினார்.

வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் நிற்பது வெந்நீர். அதைத் தரையில் விட்டு, கையில் பிடித்துப் பார்த்து, சில்லென்று வந்த பிறகு தலையில் பிடித்தேன். கழுத்து, தோள், கால் எல்லாம் நனைந்தன. இலைகளிலிருந்தும் சொட்டியது. நடந்தவர்கள் நின்றார்கள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவர் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"மழையா நைனா?"

"ஆமாம்மா" என்றேன். அந்த நேரம் எனக்கும் அது மழையாகத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் அவர் ஏற மறுத்தார்.

"விட்ட எடம் தெரியாம பூடும். என் பையனுக்கு எதுனா ஆயிட்டா?"

நான் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து மரத்தில் கட்டினேன். "எடம் எங்கயும் போவாதும்மா. துண்டு இருக்குது. இங்கருந்தே நடக்கலாம்."

"ட்ரிப்ஸ் கையிலதான் ஏறும், பல்லுல படாது. ஏறு தாயே" என்றார் அண்ணன்.

அவர் துண்டைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுடுகிற உடம்பில் வேர்வை இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள். ஹோஸில் நிற்கும் தண்ணீரை முதலில் கீழே விடுங்கள். வேண்டுதலை நடுவழியில் விட மனசில்லாதவரிடம் சண்டை போடாதீர்கள்.

மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு அவர் மகன் வந்தார். ஆஸ்பத்திரியில் அம்மா இன்னும் தண்ணீரைத் தொடவில்லை என்றார். துண்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த மரத்திலிருந்து மீதியை அம்மாவுக்காக அவரே நடந்தார். ராத்திரி ஏழுமலை அண்ணனுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாராம்.