கீழேயிருந்து படித்தவள்

செய்தி குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. வசந்தா மேடம் காலமாகிவிட்டார் என்று, ஆங்கில எழுத்தில் தமிழ், என் கைபேசியில் பதிவாகாத ஓர் எண்ணிலிருந்து. நூலகத்தில் புதிய புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். படித்ததும் நான் அழவில்லை. அனுப்பியவர் பெயர் இருக்கிறதா என்று கீழே தள்ளிப் பார்த்தேன். இல்லை. பெயர் போடாத எதையும் நம்பாதே என்று என்னைப் பழக்கியவளே அவள்தான். அதனால் இது பொய்யாகத்தான் இருக்கும் என்று கொஞ்ச நேரம் உறுதியாகவே நம்பினேன். பிறகு அவள் கணவர் சுந்தரத்துக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, காலைலதான். தூங்கிகினு இருந்தா, அப்படியே போய்ட்டா" என்றார். கையிலிருந்த முத்திரைக் கட்டையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இன்னும் கிடைக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்த உங்களுக்கு வசந்தாவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் ஒரே கல்லூரியில் அவள் விலங்கியல் விரிவுரையாளர், நான் நூலகர். எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. திருக்கழுக்குன்றத்திலிருந்து அவள் பஸ்ஸில் வருவாள், மறைமலைநகரிலிருந்து நான் ரயிலில் வருவேன். அஞ்சலி என்பதால் 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவளாகவே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் கடலாமைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். ஏதோ ஓர் ஆய்விதழின் பெயரைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தாள். எங்கள் நூலகத்தில் ஆய்விதழ்களை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க போர்டு மட்டும்தான் நூலகம்னு கீது" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான், வா, வெளியே போய்த் தேடலாம் என்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கு அவளை இழுத்துப் போனேன். அதன்பின் சனிக்கிழமை பிற்பகல்கள் எல்லாம் அங்கேதான் கழிந்தன.

கடைக்காரர் பாஸ்கருக்கு நாங்கள் ஒரு புதிர். அங்கே வருகிற மற்றவர்கள் தேர்வு முடிவு பார்ப்பார்கள், ஜாதகம் பார்ப்பார்கள். நாங்கள் ஒரே பக்கம் வருவதற்காகக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "லைன் பேஜார் பண்ணுது மேடம், டீ சொல்லட்டா?" என்பார். ஒரு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஆமையின் தலை தெரிவதற்குள் டீ ஆறிப்போகும்.

அங்கேதான் அவளுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. ஆமைகள் எந்த மாதங்களில் முட்டையிடக் கரையேறும் என்று அழகாக எழுதியிருந்தது. தாள் செலவை மிச்சம் பிடிக்க முதல் தாளை மட்டும் அச்செடுத்தாள். அதை நம்பி, மழைக்காலம் தொடங்கும் முன்பே மாணவர்களைக் கல்லூரி வண்டியில் ஏற்றிக்கொண்டு, விடியும் நேரத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் இறங்கினாள். நானும் போயிருந்தேன். வெயில் ஏறும்வரை நடந்தோம். நண்டுத் தடம் இருந்தது, நாய்த் தடம் இருந்தது. ஆமை வந்த சுவடே இல்லை. மறுநாள் வகுப்பில் யாரோ கரும்பலகையில் ஓர் ஆமையை வரைந்து, 'மேடம், நாங்க இன்னும் கிளம்பவே இல்ல' என்று எழுதிவைத்திருந்தார்கள். அவள் அதை அழிக்கவிடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை அதே பக்கத்தைத் திறந்து கடைசிவரை போய்ப் பார்த்தோம். அடியில் எழுதியவர்களின் பெயர் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு கடற்கரையைப் பற்றி அவர்கள் எழுதியது அது. அன்றிலிருந்து வசந்தா எந்தப் பக்கத்தையும் மேலேயிருந்து படித்ததில்லை. "முதல்ல கீழ போ மாலா" என்பாள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்த ஊரை வைத்து எழுதியது, படிக்கிறவனிடம் எதையாவது விற்கப் பார்க்கிறதா? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மேலே வருவாள். பெயரே இல்லாத பக்கமாக இருந்தால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மூடிவிடுவாள். பல்கலைக்கழகங்கள் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் பாடங்கள், ஆய்வு நிலையங்களின் அறிக்கைகள் என்று இருவருமாகச் சலித்தெடுத்த முகவரிகளை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். உங்களில் எத்தனையோ பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறீர்கள். தை பிறந்ததும் அதே கரைக்கு மறுபடி மாணவர்களை அழைத்துப் போனாள். ஈர மணலில் அகலமாக ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, திரும்பிக் கடலுக்கே போயிருந்தது. அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அதை மிதித்துவிடாதபடி காவல் காத்தாள்.

காசு கட்டினால்தான் திறக்கும் என்று சொல்லும் கட்டுரைகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்பாள். முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பேராசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்குவேன். ஒருமுறை ஒருவர் தன் கட்டுரைகள் அத்தனையையும் அனுப்பிவைத்து, மாமல்லபுரத்து ஆமைகளை விசாரித்ததாகச் சொல்லவும் என்று எழுதியிருந்தார். வசந்தா பாஸ்கருக்கும் சேர்த்து மைசூர்பாகு வாங்கி வந்தாள். "கேட்டா குடுக்கறாங்க மாலா. நமக்குத்தான் கேக்க வாய் வரல" என்றாள்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வயிற்று வலி வந்தது. சென்னையில் பார்த்துவிட்டுக் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். மருத்துவர் சொன்னது போதாதென்று இவளே போய்த் தேடியிருக்கிறாள், என்னைக்கூடக் கூப்பிடாமல். மறுநாள் நூலகத்தில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்காகவே எழுதிய பக்கம், பிழைப்பது அரிது என்று போட்டிருக்கிறது என்றாள். பிறகு, "டாக்டருங்க பேரு கீது, தேதி கீது. எல்லாம் சரியா கீது மாலா. அதான் பிரச்சினை" என்றாள். நான் எழுந்து போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். படிக்க வந்த மாணவர்கள் சத்தமில்லாமல் வெளியே போனார்கள்.

சுந்தரம் விடவில்லை. எங்கோ தொலைதூரத்தில் மூலிகை வைத்தியம் செய்கிறார்களாம், இந்த நோயையே குணப்படுத்துகிறார்களாம், இணையத்தில் போட்டிருக்கிறதாம், நீதான் அவளைக் கிளப்ப வேண்டும் என்றார். நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. முழுவதையும் அச்செடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனேன். அவள் வாங்கியதும் கடைசித் தாளைத்தான் புரட்டினாள். "பேரு இல்லியே மாலா" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெயரைக் கட்டிக்கொண்டு அழு என்று கத்தினேன். அவள் தாளை மடித்துச் சுந்தரத்திடம் கொடுத்தாள். இருக்கிற நாளை ரயிலிலும் லாட்ஜிலும் கழிக்க மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே இருந்தாள். முடிந்த வரைக்கும் வகுப்புக்கும் வந்தாள்.

கடைசியாக நான் போனபோது அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. சுந்தரம் வாசற்படியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தாள்கள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன, வாங்கிக்கொண்டு வா என்றாள் வசந்தா. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து மடிப்புகள் நைந்திருந்தன. படிக்கச் சொன்னாள். நான் பழக்கத்தில் கடைசித் தாளை எடுத்தேன்.

"மேலேருந்து படி" என்றாள்.

படித்தேன். எத்தனையோ பேர் பிழைத்தார்கள் என்று எழுதியிருந்தது. நடக்க முடியாமல் வந்தவர்கள் நடந்து போனார்களாம். சுந்தரம் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளுக்கு வந்தபோது, எலும்பும் தோலுமாக இருந்த கையை நீட்டித் தாளின் அடிப்பகுதியை மூடிக்கொண்டாள். "கீழ போவாத மாலா. இங்கயே நிறுத்திக்கோ" என்றாள். அவருக்காகச் சொன்னாளா, தனக்காகவும் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

அந்தத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. சுந்தரமே கொடுத்துவிட்டார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கீழே போகும் பழக்கமும் இருக்கிறது, அது என் உயிர் உள்ளவரை போகாது. இந்தத் தாள்களை மட்டும் மேலேயிருந்துதான் படிக்கிறேன். அவள் கை இருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன்.

வசந்தா இருந்தால் இதையும் கீழேயிருந்துதான் படிப்பாள். அதனால் அவள் தேடும் இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

மாலதி,
நூலகர், செங்கல்பட்டு.