என் கருவாட்டின் மேல் நானே போட்ட பழி

ஷார்ஜாவில் லிஃப்டில் ஏறும் முன் சட்டையை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்வேன். பதினோரு வருடப் பழக்கம். இங்கே யாரும் நாறுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சின்ன சென்ட் பாட்டிலை எடுத்துக் காற்றில் ஒரு அடி அடித்துவிட்டு, போனைப் பார்த்தபடி நிற்பார்கள். எங்கள் கறம்பக்குடி சந்தையில் கருவாட்டுக் கடைக்கு முன்னால் நின்றுதான் கல்யாணப் பேச்சே நடக்கும். இங்கே எந்த வாடை வந்தாலும் முதல் சந்தேகம் எனக்கு என்மேல்தான். அந்தப் பாழாய்ப்போன புத்திதான் போன லீவு முடிந்து திரும்பும்போது விமானத்தில் என்னைக் கெடுத்தது.

ரூம்காரர்கள் கேட்டார்களே என்று நெத்திலிக் கருவாடு வாங்கியிருந்தேன். பெரிய பெட்டி எடை கூடிவிட்டதால், நாலு கவர் சுற்றிக் கைப்பையில் போட்டுத் தலைக்கு மேலே வைத்துவிட்டேன். திருச்சியில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வாடை வந்தது. ஈரக் காலுறையை மூட்டை கட்டி வைத்த மாதிரி. முன்சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். போச்சுடா, கவர் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். பணிப்பெண் வந்து என்ன வாடை என்று விசாரித்ததும், யாரும் கைகாட்டுவதற்குள் நானே முந்திக்கொண்டு, "சாரி மேடம், டிரை ஃபிஷ், மை பேக்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனது.

பக்கத்து சீட்டில் இருந்தவர் திருமயத்துக்காரர், லாரி மெக்கானிக். அவர் மட்டும் விடவில்லை.

"ஏங்க, இது கருவாடு இல்லைங்க. ஆயில் கருகுற வாடை. அந்தப் புள்ளைகிட்ட சொல்லுங்க."

"சும்மா இருங்கண்ணே, இருக்கிற மானமும் போயிரும்" என்று அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலை வலித்தது, தொண்டை எரிந்தது. அந்தப் பெண் மறுபடி வந்தபோது கண் சிவந்து, சீட்டைப் பிடித்துப் பிடித்து நடந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து பையை இறக்கினேன். கவர் கிழியவே இல்லை. நாலையும் நானே பிரித்து, அத்தனை பேர் பார்க்க, கருவாட்டை அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"திஸ் ஸ்மெல் மைன், மேடம். தட் ஸ்மெல் பிளேன்."

முதலில் அதற்குப் புரியவில்லை. ஒரு தடவை மோந்தது, பிறகு காற்றை இழுத்துப் பார்த்தது. முகம் வெளுத்து, விமானியிடம் சொல்ல ஓடியது. கொஞ்ச நேரத்தில் விமானம் மஸ்கட்டில் அவசரமாக இறங்கியது.

இன்ஜின் ஆயில் புகை, உள்ளே வருகிற காற்றில் கலந்துவிட்டதாம். அந்தப் பெண்ணைச் சக்கர நாற்காலியில், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்குடன் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு அதிகாரி சொன்னார். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அது இழுத்த அந்த இருபது நிமிடப் புகை என் கணக்குதான். அடுத்த மாதம் மறுபடி லீவு. டிக்கெட் எடுத்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

அன்றைக்கு மஸ்கட் விமான நிலைய ஹாலில் உட்கார்ந்து இரண்டு போன் போட்டேன். கருவாட்டுக்காரன் என்று பேர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, ஷார்ஜாவில் என் வேலையிடத்து ஃபோர்மேனிடம் இன்னும் திருச்சியிலிருந்தே கிளம்பவில்லை என்றேன். மனைவிக்குச் சொன்னால் இனி விமானமே ஏற விடமாட்டாள். அதனால் அவளிடம், ஷார்ஜா வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன்.

"அப்பாடா. இனி நிம்மதியாத் தூங்குவேங்க" என்றாள்.

ஒருவருக்கு நான் இன்னும் ஊரில். இன்னொருவருக்கு நான் ஏற்கெனவே ஷார்ஜாவில். நான் மஸ்கட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.