கிழக்குப் பக்கத்து இடது

என் மகள் நர்சிங் சேர்ந்ததிலிருந்து அரியலூரில் எங்கள் வீட்டில் யாரும் சும்மா படுப்பதில்லை. மல்லாந்தால் ‘சுப்பைன்’, குப்புறப் படுத்தால் ‘ப்ரோன்’. நேற்று ஹால் நடுவில் நிமிர்ந்து நின்று, உள்ளங்கை இரண்டையும் முன்பக்கம் காட்டி, “அப்பா, இதான் அனாட்டமிக்கல் பொசிஷன். ஆள் இப்படி நிக்கிறதா வச்சுக்கிட்டுத்தான் இடது வலது சொல்லணும்” என்றாள். விருந்தாளியிடம் காபித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் பொசிஷன் போல இருந்தது எனக்கு.

கிண்டல் இருக்கட்டும். அதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆள் ஒருக்களித்துக் கிடந்தாலும், புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கினாலும், அவன் இடது அவனுக்குத்தான் இடது. பார்க்கிறவனுக்கு அதில் பங்கே கிடையாது. இதைப் பரீட்சையில் எழுதிப் பாஸாகிவிட்டு வேலையில் கோட்டைவிட்டவன் நான்.

பெரம்பலூரில் ஒரு சின்ன எக்ஸ்ரே சென்டர். இன்றைக்கும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் அந்த இருட்டறையின் புளித்த மருந்து நெடிதான் வரும் எனக்கு. அங்கே படம் கழுவியவர் ஜெயமேரி அக்கா. அவர் படித்தது எட்டாவது, படம் எடுக்கிற நான் டிப்ளமோ. அந்த வித்தியாசத்தை அவரைவிட நான்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தேன்.

எங்கள் டேபிளின் தலைமாடு வடக்கு. மெஷின் ஒயர் அந்தப் பக்கம்தான் எட்டும். அப்படி மல்லாந்தால் இடது கை கிழக்கே வரும். நான் ஆளைப் பார்ப்பதே இல்லை. இடதுக்கு அடையாளமாக ஈயத்தில் செய்த ‘எல்’ எழுத்தைப் படப்பெட்டியின் கிழக்கு ஓரத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது.

அன்று அரும்பாவூரிலிருந்து ஒருவர், சிறுநீரகத்தில் கல், மனைவியோடு வந்தார். மறுநாள் திருச்சியில் ஆபரேஷன். தலைமாட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“வடக்க தலை வச்சா வெளங்குமா சார்? நாளைக்குக் கத்தி வைக்கப் போறாங்க!”

அவரே தலையணையைத் தெற்கே போட்டு மல்லாந்துவிட்டார். வெளியே கூட்டம். வயிறு நடுவில்தானே இருக்கிறது, தலை எங்கே கிடந்தால் என்ன என்று படத்தை எடுத்தேன். கை தன்பாட்டுக்கு ‘எல்’லைக் கிழக்கே ஒட்டியிருந்தது.

மத்தியானம் தலையணையை வடக்கே மாற்றும்போதுதான் உறைத்தது. அவருடைய வலதுக்கு நான் இடது என்று பெயர் வைத்துவிட்டேன், படமும் கவரில் ஏறி அவரோடு போய்விட்டது. அதை நம்பி நல்ல பக்கத்தைத் திறந்துவிட்டால்?

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. திருச்சி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர், மடியில் கவர்.

“அய்யா, அந்தப் படம்... பக்கம் மாறிப்போச்சுங்க!”

“அதான் திருத்தியாச்சே. இருட்டு ரூம்பு அம்மா கூப்புட்டு, எந்தப் பக்கம் வலிக்குதுன்னு கேட்டுச்சு. சோத்தாங்கைப் பக்கம்னேன்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க ஏன் சார் இப்படி வேர்த்து நிக்கிறீங்க? ஒங்களுக்கும் கல்லா?”

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படத்தை உருவி வெயிலில் பிடித்தேன். என் ‘எல்’ அடிக்கப்பட்டு, பக்கத்தில் மார்க்கர் பேனாவில் வலதுக்கான ஒரு ‘ஆர்’. கீழே எங்கள் சென்டர் டாக்டரின் கையெழுத்தே இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா படங்களைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“ஒன் எழுத்துப்படி பாத்தா ஈரல் எடது பக்கம் கெடக்கு தம்பி. அது அங்கிட்டு இருக்காதே. ஆளு மாத்திப் படுத்திருப்பாருன்னு வெளிய வந்து கேட்டேன். டாக்டர்ட்ட, கூட்டத்துல கை தவறிப்போச்சுன்னு சொல்லியிருக்கேன்.” பிறகு என் காலைப் பார்த்தார். “இன்னொரு செருப்பு எங்க?”

யார் கை தவறியது என்று டாக்டர் கேட்கவே இல்லை. அக்காவுடைய கை என்றே அவர் நினைத்திருக்க வேண்டும்.

இன்று அந்தச் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. இப்போதைய சென்டர்களில் ஈரப்படம் இல்லை, ஈய எழுத்து இல்லை. படம் எடுத்த நொடியில் திரையில் வருகிறது, ‘எல்’லும் ‘ஆர்’ரும் தாமாகவே விழுகின்றன. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் “எந்தப் பக்கம் வலிக்குது?” என்று கேட்கிற ஆள் மட்டும் இல்லை.